கடைசிப் பக்கத்தில் மைனஸ் மார்க்

திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலியை, பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும் எந்த ஆலோசகரும் லேசில் விடமாட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பூச்சி மாத்திரை கொடுத்தாகிவிட்டது, மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. குழந்தை மருத்துவர் என்னிடம் அனுப்பிய சீட்டில் ஒரே வரி: 'உடம்பில் ஒன்றுமில்லை, பள்ளியில் என்னவென்று பாருங்கள்.' (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். யாராவது அடிக்கிறார்களா? இல்லை. மிஸ் திட்டுகிறாரா? இல்லை. வேனில் ஏதாவது? இல்லை. கூட்டாளிகள்? "இருக்காங்க மேடம். பெஸ்டி ஒருத்தி இருக்கா." அம்மா முந்திக்கொண்டார்: "அது தங்கமான பொண்ணுங்க மேடம். வீட்டுக்கு வந்தா, 'ஆன்ட்டி, வெங்காயம் உரிச்சுத் தரட்டுமா'ன்னு சமையல்கட்டுலயே நிக்கும்." நெருங்கிய தோழி இருக்கிறாள், நல்லது என்று நானும் ஃபைலில் எழுதிக்கொண்டேன். நான் எழுதியது தப்பு என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

மூன்றாவது வாரம் கேள்விகளை மூடி வைத்துவிட்டுக் கதை சொன்னேன். அமெரிக்க எழுத்தாளர் எலினார் எஸ்டெஸ் 1944-இல் வெளியிட்ட 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்'. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்ததால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிந்த கதைதான். போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் வாண்டா. தினமும் அதே சாயம் போன நீலக் கவுனில் பள்ளிக்கு வருவாள். வீட்டு அலமாரியில் நூறு கவுன் வரிசையாகத் தொங்குகிறது என்பாள். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பெகி, தினமும் அவளை நிறுத்தி மரியாதையாகவே விசாரிப்பாள்: எத்தனை கவுன் என்று சொன்னாய்? சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பெகியின் உயிர்த்தோழி மேடி சிரிப்பதில்லை, தடுப்பதுமில்லை. மேடியும் ஏழை. அவள் போட்டிருப்பதே பெகி உடுத்திக் கழித்த கவுன். 'இதோடு நிறுத்திவிடலாமே' என்று பெகிக்கு ஒரு சீட்டு எழுதத் தொடங்குவாள். அடுத்து தன்னைக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்ததும் கிழித்துப் போட்டுவிடுவாள்.

பள்ளிகளில் இதை வாண்டாவின் கதையாகவே நடத்துகிறார்கள். ஏழைப் பிள்ளையைக் கேலி செய்யாதே, அவ்வளவுதான் பாடம். என் அறைக்கு வருகிற பிள்ளைகளோ பெரும்பாலும் மேடியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணும் வாண்டாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவ சீட்டைக் கிழிச்சது சரிதான் மேடம். குடுத்திருந்தா அவளுக்கு மைனஸ் விழுந்திருக்கும்."

"என்ன மைனஸ், கண்ணு?"

பையைத் திறந்து ரஃப் நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கம். ஸ்கேலால் கோடு போட்டு, தேதி எழுதி, வேறொரு பிள்ளையின் குண்டு எழுத்தில் மார்க். டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதலில் பெஸ்டிக்கு நீட்டினால் பிளஸ் இரண்டு. வேனில் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்தால் பிளஸ் ஒன்று. இன்னொருத்தியிடம் அவளைக் கேட்காமல் பேசினால் மைனஸ் ஐந்து. மொத்தம் மைனஸ் பத்துக்குக் கீழே போனால், கூட்டாளிகள் நாலு பேரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் காய். வாரக் கணக்கு வெள்ளிக்கிழமை முடியும். தண்டனை திங்கட்கிழமை.

வயிற்றுவலிக்கு அட்டவணை கிடைத்துவிட்டது.

நான் கேட்ட கேள்விகள் எல்லாமே எதிரியைத் தேடியவை. பள்ளிக் கொடுமையை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மைதானத்தில் பெரிய பையன் சின்னப் பையனைத் தள்ளினால் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு நடந்தால் எதுவும் தெரியாது. 1995-இல் நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் குரோட்பீட்டரும் 3 முதல் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, கையை ஓங்காமல் உறவையே ஆயுதமாக வைத்து அடிப்பதைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டியது. ஒதுக்குவது, புரளி கிளப்புவது, 'சொன்னதைச் செய்யாவிட்டால் உன்னோடு பேசமாட்டேன்' என்று மிரட்டுவது.

காய் விடாத குழந்தைப் பருவம் நம்மில் யாருக்கு இருந்தது? அதனால்தான் பெற்றோரும் 'பிள்ளைகள்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரணக் காய்க்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்க எனக்கு ஒரு கேள்வி போதும்: காய் விடுவது யார், பழம் கேட்டுப் போவது யார்? இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்றால் கவலையில்லை; சாயங்காலத்துக்குள் பழமாகிவிடும். ஒருத்தியே காய் விட்டு, இன்னொருத்தியே ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டால் அங்கே நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தத் தோழி எப்போதும் கெட்டவளாக இருக்கமாட்டாள். பிறந்தநாளுக்குத் தன் கையால் கார்டு செய்து தருவாள். காய்ச்சல் வந்தால் நோட்ஸ் எழுதிக் கொடுப்பாள். எப்போது தாயம் விழும் என்று தெரியாததால்தான் கட்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறோம். இதுவும் அதே பிடிதான். வள்ளுவர் இதைத் 'தீ நட்பு' அதிகாரத்தின் கடைசிக் குறளில் பிடித்து வைத்திருக்கிறார்: 'எனைத்தும் குறுகுதல் ஓம்பல் மனைக்கெழீஇ மன்றில் பழிப்பார் தொடர்பு.' வீட்டுக்குள் வெங்காயம் உரித்துக் கொடுப்பவள், மன்றத்தில் மானத்தை வாங்குகிறாள். இன்றைய மன்றம் வாட்ஸ்அப் குரூப்.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது பாடப்புத்தகத்தைவிட ஒரு நாவல்தான். மார்கரெட் அட்வுட்டின் 'கேட்ஸ் ஐ', 1988. பதின்பருவத்தினருக்கென்று எழுதியதல்ல, பெற்றோர் படிக்க வேண்டியது. எட்டு வயதில் டொராண்டோவுக்குக் குடிவரும் இலைனுக்கு முதன்முதலாகப் பெண் தோழிகள் கிடைக்கிறார்கள். அவர்களில் கார்டீலியா, இலைனின் நடையை, பேச்சை, சாப்பிடும் விதத்தைத் திருத்தத் தொடங்குகிறாள், எல்லாம் அவள் நன்மைக்கு என்று சொல்லி. ஒருநாள் விளையாட்டாக அவளைக் குழியில் இறக்கி மேலே மூடிவிடுகிறார்கள். இலைன் யாரிடமும் சொல்வதில்லை. இரவில் படுக்கையில் தன் உள்ளங்கால் தோலை உரித்துக்கொள்கிறாள். அதைப் படித்த பிறகுதான், வருகிற பிள்ளைகளின் நகக்கண்களையும் செருப்புக்குள் இருக்கும் குதிகால்களையும் பார்க்கப் பழகினேன். இந்தப் பெண்ணின் இரண்டு கட்டைவிரல்களிலும் நகத்தோரத் தோல் இல்லை. முதல் நாளே கண்ணில் பட்டது. பரீட்சை பயம் என்று நினைத்தேன்.

இலைனின் அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும். முதுகெலும்போடு இரு, உனக்காக நீதான் எதிர்த்து நிற்க வேண்டும் என்கிறார். நம் வீடுகளிலும் இதே வசனம்தான்: "நீயும் நாலு கேள்வி திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?" பிள்ளைக்கு இப்போது குற்றம் இரண்டாகிறது. தோழியிடமும் தோற்றாள், அம்மாவிடமும் தோற்றாள். "இனிமே அவகூடச் சேரக் கூடாது" என்பதும் உதவுவதில்லை. அவளை விட்டால் மதிய இடைவேளையில் யாரோடு உட்காருவது? அந்தக் கேள்விக்கு விடையில்லாமல் தடை போட்டால், பிள்ளை பொய் சொல்லப் பழகும். தோழியின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பவர்களுக்கு, அடுத்த நாள் வகுப்பில் என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாது. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கைகொடுக்கச் சொல்லும் ஆசிரியர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். பலம் குறைந்த பிள்ளை அந்த அறையிலும் தலையாட்டத்தான் செய்யும்.

அப்படியானால் கதை என்ன செய்கிறது? 'என் பெஸ்டி என்னைக் கொடுமைப்படுத்துகிறாள்' என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வார்த்தை இல்லை, சொன்னால் துரோகம். மேடிக்கு நடந்ததைப் பற்றிப் பேசினால் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அதனால் கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. 'மேடி அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாளா?' என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள், அதுதான் கஷ்டம். பழிவாங்கி ஜெயிக்கும் முடிவுள்ள கதைகளை நான் தவிர்க்கிறேன். தமிழில் பதின்பருவத்தினருக்கென்று எழுதப்படுவதே குறைவு. இருப்பதிலும் சினிமாவிலும் நட்பென்றால் உயிரைக் கொடுப்பதுதான். நட்பே உயிரை எடுக்கிற கதையை யாராவது எழுதினால் நல்லது.

பையன்களிடம் இது வேறு பெயரில் வருகிறது. 'சும்மா கலாய்ச்சோம் மேடம்.' தினமும் ஒருத்தனே ஜூஸுக்குக் காசு கொடுப்பான், பையைத் தூக்குவான், பட்டப்பெயருக்குச் சிரிப்பான். சிரிக்கிறான் என்பதாலேயே யாரும் கேட்பதில்லை.

கார்டீலியாக்களும் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நாவலில் அவள் அப்பா சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாலே அவள் நடுங்குவாள். இப்படி மார்க் போட்டு ஆளும் வேறொரு சிறுமி வந்தபோது, அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அக்கா தம்பி இருவருக்கும் தினசரி நடத்தைக்கு மார்க் அட்டவணை ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். கண்டுபிடிப்பு அவளுடையதல்ல.

சில இடங்களில் கதைக்கு நேரமில்லை. பிள்ளை தன்னைக் கீறிக்கொள்கிறது, சாவைப் பற்றிப் பேசுகிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். படத்தை வைத்து மிரட்டுவது, தொடுவது என்று போய்விட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் குற்றமென்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மூடி மறைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை, பள்ளிக்கும்கூட.

இந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்தது சின்ன வேலைகள். வகுப்பாசிரியர் மொத்த வகுப்புக்கும் இருக்கை மாற்றினார், இவளுக்காக என்று தெரியாமல். வேனில் முன்சீட். சனிக்கிழமை கேரம் வகுப்பில் வேறு பள்ளிப் பிள்ளைகள் இருவர் பழக்கமானார்கள். ஒரே ஒரு நல்ல தோழி கிடைத்தாலே பாதி பாரம் இறங்கும். வயிற்றுவலி இரண்டு மாதத்தில் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

போன முறை வந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். "இப்பெல்லாம் எனக்கு மார்க் போடுறதில்ல மேடம்."

"நல்லதாப் போச்சு."

"புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா. அவளுக்குப் போடுறா. ஸ்கேல் எங்கிட்டதான் வாங்கினா." கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "குடுக்காம இருந்திருக்கணுமா?"

அடுத்த புதன் சாயங்காலம் நாலரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.