மூன்றாவது மணி நேர வீட்டுப்பாடம் எங்கே போகிறது?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. ரிசல்ட்டுக்குப் பேர்போன பள்ளி. போன வாரம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு பத்தரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்து ‘முதல் உலகப் போருக்கான காரணங்கள்’ எழுதிக்கொண்டிருந்தாள். புத்தகம் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. மூன்று நான்கு சொற்களைப் பார்ப்பாள், குனிந்து எழுதுவாள், மறுபடி பார்ப்பாள். கேள்வி கறுப்பு மையில், பதில் நீல மையில், தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பென்சில் கோடு. இரண்டு பக்கம் முடிந்ததும், “என்னென்ன காரணம் எழுதின?” என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் சொன்னாள். “இரு சித்தி, இன்னும் பதினஞ்சு கணக்கு இருக்கு.”

இதில் அவள் தப்பு எதுவும் இல்லை. மூளை சாமர்த்தியமாக வேலையை மிச்சம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் அந்தந்த நொடியில் கைவசம் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவில் இடம் ரொம்பக் குறைவு. நான்கைந்து துண்டுகள் வைத்தாலே நிரம்பிவிடும். பார்த்து எழுதும்போது மூன்று சொல் உள்ளே வருகிறது, கை வழியாக வெளியே போகிறது, அடுத்த மூன்று சொல்லுக்கு இடம் காலியாகிறது. புத்தகம் பக்கத்தில் இருக்கும்போது எதையும் சேமித்து வைக்க வேண்டிய தேவையே மூளைக்கு இல்லை.

அப்படியானால் எப்போதுதான் பதியும்? உள்ளே இருப்பதைத் தேடி வெளியே எடுக்கும்போது. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டுரை கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு சுற்று, மொத்தம் சுமார் 14 தடவை படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் மூன்று நான்கு தடவை படித்துவிட்டு, மிச்ச மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், தங்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தது 14 தடவை படித்த குழு. ‘எல்லாம் படிச்சுட்டேன், பரீட்சையில மறந்துபோச்சு’ என்று பிள்ளைகள் சொல்வது பொய் இல்லை போலிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கைப் பார்த்து எழுத முடியாது, போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கேயாவது பதினைந்து போட்டால் ஐந்து போட்டதைவிட மூன்று மடங்கு ஏறுமா? தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதே கேள்விதான். மாணவர்கள் போட்ட கணக்கு இந்த மாதிரி: ஒரு அ, இரண்டு ஆ, மூன்று இ, ஆக ஆறு எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? ஆறின் தொடர்பெருக்கம் (6×5×4×3×2×1) 720. அதை இரண்டின் தொடர்பெருக்கமான 2-ஆலும், மூன்றின் தொடர்பெருக்கமான 6-ஆலும் வகுத்தால் 60. வழி பிடிபட்டால் அடுத்தடுத்த கணக்கு சரசரவென்று வந்துவிடும். சிக்கலும் அங்கேதான். ஒரே உட்காரலில் மூன்று கணக்கு போட்டவர்களுக்கும் ஒன்பது கணக்கு போட்டவர்களுக்கும் ஒரு வாரம், நான்கு வாரம் கழித்து வைத்த தேர்வில் வித்தியாசமே தெரியவில்லை. நான்காவது கணக்கிலிருந்து வழியைத் தேட வேண்டியதில்லை, சற்றுமுன் செய்ததையே கை திரும்பச் செய்கிறது. இன்னொரு சோதனையில், பத்துக் கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்து ஒரு வார இடைவெளியில் போட்டவர்கள், நான்கு வாரம் கழித்து நன்றாகவே முந்தினார்கள். கணக்கின் எண்ணிக்கை ஒன்றுதான். நடுவில் கொஞ்சம் மறக்க விட்டதுதான் பலன் கொடுத்தது.

இதையெல்லாம் ஆசிரியர்களும் ஓரளவு அறிவார்கள். பிறகு ஏன் வீட்டுப்பாடம் குவிகிறது? கலிஃபோர்னியாவில், வசதியான பகுதிகளில் இருக்கும் பத்து முன்னணி உயர்நிலைப் பள்ளிகளின் 4,317 மாணவர்களிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெனிஸ் போப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வு 2013-ல் வந்தது. சராசரியாக ஒரு இரவுக்கு 3.1 மணி நேர வீட்டுப்பாடம். மன அழுத்தத்துக்கு முதல் காரணம் வீட்டுப்பாடம்தான் என்றவர்கள் 56 சதவீதம். மாணவர்களே சொன்ன கணக்கு என்பதால் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 3.1 மணியை ஆறு பாடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஒன்றுக்கு 31 நிமிடம். அரை மணி நேர வேலை கொடுக்கும் எந்த ஆசிரியரும் கொடுமைக்காரர் இல்லை. அவரவர் பங்கு நியாயமாகத்தான் இருக்கிறது, கூட்டுத்தொகையைப் பார்க்கிற ஆள்தான் யாரும் இல்லை. நம் நாட்டில் 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேர வீட்டுப்பாடம் என்று சொல்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

அந்தக் கூட்டுத்தொகை கடைசியில் கைவைப்பது தூக்கத்தில். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்குத் தயாராகச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், பள்ளி வேனோ காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து நிற்கும். நாம் தூக்கத்தை ஓய்வு என்று மட்டும் நினைக்கிறோம். பகலில் படித்ததை முதலில் பிடித்து வைப்பது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. ஆழ்ந்த தூக்கத்தில் அது பகல் நேரத்து நரம்புத் துடிப்புகளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அப்போதுதான் நினைவுகள் மெல்ல மெல்ல மூளையின் வெளி அடுக்கான மேற்புறணியில் நிலைகொள்கின்றன. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, நாற்று நட்டுவிட்டு மடையை அடைப்பது மாதிரி.

லாஸ் ஏஞ்சலஸில் 535 மாணவர்கள் 9, 10, 12-ஆம் வகுப்புகளில் தலா 14 நாள் எழுதிய நாட்குறிப்புகளை வைத்து 2013-ல் இன்னொரு ஆய்வு வந்தது. வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கி, அதிகமாகப் படித்த இரவுக்கு மறுநாள், பாடம் புரியவில்லை, தேர்வில் சொதப்பினேன் என்று அவர்கள் எழுதியது கூடியிருந்தது. வழக்கமாக நிறையப் படிக்கிற பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை.

அன்று இரவு பதினைந்தாவது கணக்கு முடிய பதினொன்றேகால் ஆகிவிட்டது. நோட்டை வாங்கி மூடிவிட்டு, “பார்க்காம ரெண்டே ரெண்டு காரணம் சொல்லு” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். “கூட்டணி… அப்புறம் ஆஸ்திரியா இளவரசரைச் சுட்டது.” இதையே நாளைக்கும் அடுத்த வாரமும் ஒரு தடவை சொல்லிப் பார், எழுதவே வேண்டாம் என்றேன்.

“மிஸ் ஒத்துக்க மாட்டாங்க சித்தி,” என்றாள். “ரெண்டு பக்கம் வரணும்.”