எல்லா நாளையும் எண்ணிய லீட்டா

மதுரையில் எங்கள் வீட்டில் அம்மாதான் மல்லிகை கட்டுவார். ஆனால் வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பூவைத் தொடமாட்டார். தனித் தட்டு, தனிப் பாய். மாவட்டத்தில் கூவலாபுரம் போன்ற சில ஊர்களில் அந்த நாட்களுக்கென்றே தனி இடம் உண்டு; முட்டுத்துறை என்பார்கள். தீட்டு என்பது ஒரு காரணம். "அந்த நேரத்துல கை ஓடாது, புத்தி ஒரு நிலையில இருக்காது" என்பது நான் கேட்டு வளர்ந்த இன்னொரு காரணம். தீட்டை அளக்க முடியாது, கைவேகத்தை அளக்கலாம். அதை முறையாக அளந்து பார்த்தவர் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர்.

1886இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்த ஆசிரியை அவர். 1908இல் கல்யாணமாகி நியூயார்க் போனார். மணமான பெண்ணுக்கு அங்கே ஆசிரியர் வேலை இல்லை என்றார்கள். கணவர் ஹாரி 1911இல் கோகோ கோலாவுக்காக நடத்திய காஃபீன் ஆய்வில் வந்த பணம்தான் லீட்டாவைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு அனுப்பியது.

மாதவிடாயின்போது பெண்ணின் மூளை தடுமாறும் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் எழுதி வைத்திருந்தார்கள். லீட்டா 23 பெண்களைச் சோதித்தார். கூடவே 2 ஆண்கள். உலோகத் தகட்டை வேகமாகத் தட்டுவது, சின்னத் துளைக்குள் கம்பியை ஆடாமல் பிடிப்பது, நிறங்களின் பெயரையும் எதிர்ச்சொற்களையும் சட்டென்று சொல்வது, தட்டச்சு பழகுவது. சிலருக்கு இந்தச் சோதனை மாதக்கணக்கில் தினமும் நடந்தது.

இதன் நுட்பமே அந்தத் 'தினமும்'தான். ஒரு பெண்ணை இன்னொருத்தியோடு ஒப்பிடவில்லை; அவளையே அவளுடைய மற்ற நாட்களோடு ஒப்பிட்டார். சரி, ஆண்கள் எதற்கு? யாருக்கும் வேகம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மாதவிடாய் இல்லாதவரிடமும் அந்த ஏற்ற இறக்கம் இருந்தால், பழியை மாதவிடாய்மேல் போட முடியாது. தவறு நடந்த நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் நம்பிக்கை இந்தக் கணக்கில் நிற்காது.

நிற்கவும் இல்லை. அந்த நாட்களில் வேகமோ துல்லியமோ குறைந்ததாக எண்கள் காட்டவில்லை. 1914இல் முடிவு வெளியானது, 1916இல் முனைவர் பட்டம். வழிகாட்டி எட்வர்ட் தார்ண்டைக், அறிவின் உச்சத்தில் ஆண்களே அதிகம் இருப்பார்கள் என்று எழுதியவர். அவரிடமே இதைச் செய்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

23 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். வலியே இல்லை என்றும் லீட்டா சொல்லவில்லை. அவர் அளந்தது திறமையை. ஆனால் அளக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பெண் வேலையில் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளில் அம்மாவின் விரல் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பூவைத்தான் அவர் கையில் நாங்கள் கொடுக்கவே இல்லையே.