அலறலுக்கு முன் பன்னிரண்டு பிரேம்

எலிப்பொறி கார்ட்டூன் பூனை டாமின் விரலைக் கவ்வுகிறது. டாம் உடனே கத்துவதில்லை. விரலைப் பார்க்கிறது, நம்மைப் பார்க்கிறது, முகம் சிவந்து உப்புகிறது. அதற்குப் பிறகுதான் ஊரே அதிரும் அந்த அலறல். விரல் நசுங்கியதற்காக நாம் சிரிப்பதில்லை. நடுவில் வந்த அந்த மௌனத்துக்குத்தான் சிரிக்கிறோம்.

அந்த மௌனம் எத்தனை நீளம் என்பதை ஒருவர் எண்ணித்தான் வைத்திருக்கிறார். சினிமா பிலிம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். அரை நொடி மௌனம் என்றால் 12 பிரேம். எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக 1940 முதல் 1958 வரை வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் 114. அவற்றில் கதையும் முதல் ஓவியங்களும் பெரும்பாலும் பார்பெராவின் பொறுப்பு. எந்த அசைவுக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு ஹன்னாவுடையது. என்னைக் கேட்டால் சிரிப்பில் பாதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 பிரேம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வரைந்தால் கட்டுப்படியாகாது. அதனால் சாதாரண அசைவுகளுக்கு ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துப் படம்பிடிப்பார்கள். பின்னணியை ஒருமுறை வரைந்துவிட்டு, பாத்திரங்களை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாளில் தீட்டி மேலே வைப்பார்கள். 1920-களின் கார்ட்டூன் நாயகன் ஃபீலிக்ஸ் பூனை முழுக்கக் கறுப்பாக இருந்ததிலும் இந்தச் சிக்கனம் உண்டு. கறுப்பை அப்பிவிட்டால் உடம்புக்குள்ளே கோடு இழுக்க வேண்டாமே! முழங்கை, முழங்கால் இல்லாமல் ரப்பர் குழாய் போல வளையும் கைகால்களையும் வேகமாக வரைந்து தள்ளலாம்.

கண்ணை ஏமாற்றும் வேலை இனிமேல்தான். உண்மையான மனிதரைக் கேமராவில் எடுக்கும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் ஒரு நொடியில் ஏறத்தாழ 48-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை நகர்ந்துவிடுவதால் படம் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கலைத்தான் கண் வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. கையால் வரைந்த படத்தில் கலங்கல் இல்லை, எல்லாம் துல்லியம். ஆகவே வேகமான அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இதற்கு மருந்தாக, கலங்கலையே வரைந்துவிட்டார்கள். பாயும் பூனையை ஜவ்வுமிட்டாய் போல இழுத்து ஒரே ஒரு பிரேமுக்கு வைப்பார்கள். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள், நீண்டு கரைந்த ஏதோ ஒன்று இருக்கும், பூனை இருக்காது. ஓடவிட்டால் யார் கண்ணுக்கும் அது தெரியாது.

சுவரில் மோதியதும் பூனை தோசையாகிறது. இங்கே ஒரு விதி உண்டு: உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூனை அமுக்குவது போலத்தான். பருமன் மாறாதவரை அது அதே பூனை என்று மூளை ஒப்புக்கொள்ளும். அகலம் கூடாமல் உயரம் மட்டும் குறைந்தால் பூனை சிறுத்துவிட்டதாகத் தோன்றும், சிரிப்பு போய்விடும்.

பிரேம் கணக்கு இசையையும் விட்டுவைக்கவில்லை. 12 பிரேமுக்கு ஒரு தாளம் என்றால் நிமிடத்துக்கு 120. 8 பிரேமுக்கு ஒன்று என்றால் 180, துரத்தலுக்குச் சரியான வேகம். 1928-இல் மிக்கி மவுஸின் ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு ஒலி சேர்த்தபோது முதல் முயற்சி தாளம் தவறிப் பாழானது. பிறகு பிலிமிலேயே துள்ளும் பந்து ஒன்றைப் போட்டு, அதைப் பார்த்து இசைக்குழுவை நடத்தினார்கள். டாம் அண்ட் ஜெர்ரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி இன்னும் துணிச்சல்காரர். 1944-இல் வந்த ஒரு படத்தில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையையே நுழைத்தார்; எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொள்ளாமல் பன்னிரண்டையும் சமமாக நடத்தும் முறை அது. கச்சேரியில் கேட்டால் பலர் எழுந்து போயிருக்கக்கூடிய இசை. எலிக்குப் பின்னால் வந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த வகை நகைச்சுவைக்கு ஸ்லாப்ஸ்டிக் என்ற பெயர் வந்ததே ஒரு குச்சியால்தான். பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்துக் கட்டி அடித்துக்கொள்வார்கள். சட்டங்கள் ஒன்றோடொன்று மோதி ‘படார்’ என்று கேட்கும், அடி மட்டும் வலிக்காது.

டாமின் அலறலும் அப்படிச் செய்ததுதான். கத்தியவர் ஹன்னாவே. பதிவு செய்த கத்தலின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டி எறிந்துவிட்டு, உச்சத்தில் இருந்த நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூச்சிழுக்கும் சத்தம் இல்லை, மெல்ல ஏறுவதும் இல்லை. மௌனத்தின் கடைசி பிரேம் முடிகிறது, அடுத்த பிரேமிலேயே முழுத் தொண்டையில் அலறல்.