விசாகா கமிட்டி: அதிகாரியின் கையை எங்கெல்லாம் கட்டுகிறது இந்தச் சட்டம்?

பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் மீது பாலியல் புகார் வெடிக்கும்போதெல்லாம் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை எழும் முதல் கேள்வி, "இத்தனை நாள் அந்தப் பெண் ஏன் சும்மா இருந்தார்?" என்பதுதான். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை நிதானமாகப் படித்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். மேலே இருப்பவர் என்னவெல்லாம் செய்து புகாரை அமுக்குவார் என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதியது போலவே இருக்கும்.

1992இல் ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி 'விசாகா' உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வகுத்தது. அவை சட்டமாகி 2013 டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வர 16 ஆண்டுகள் ஆயின. அலுவலகத்துக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் குழுவுக்குச் சட்டத்தில் 'உள்ளகக் குழு' என்று பெயர் இருந்தாலும், இன்றும் எல்லோர் வாயிலும் அது விசாகா கமிட்டிதான்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். நிரந்தர ஊழியர் மட்டும்தான் புகார் கொடுக்கலாம் என்றில்லை. ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி, பயிற்சிக்கு வந்தவர், வேலை விஷயமாக அங்கே வந்து போகிறவர் எல்லோருக்கும் உரிமை உண்டு. அலுவலக வண்டியில் நடந்தாலும் அது பணியிடத்தில் நடந்ததுதான்.

தொடுவது, பாலியல் இச்சைக்கு இணங்கச் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத சைகை என்று துன்புறுத்தலின் வரையறை போகிறது. அது எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது 3ஆம் பிரிவு. வேலையில் சலுகை தருவதாக ஆசை காட்டுவது, வேலைக்கு உலை வைப்பேன் என்று மிரட்டுவது, வேலையே செய்ய முடியாத சூழலை உண்டாக்குவது ஆகியவற்றை அது எடுத்துச் சொல்கிறது. இதற்கு வாய்மொழி மிரட்டல்கூடத் தேவையில்லை, குறிப்பால் உணர்த்தினாலே போதும். "கன்ஃபர்மேஷன் ஆர்டர் என் டேபிள்லதாம்மா இருக்கு" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ஆனால் கேட்கிறவருக்குப் புரியும்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒரு விதி. விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளானவர் அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிட்டு ரகசியக் குறிப்பு எழுதக் கூடாது, வேறு அதிகாரி எழுத வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். பெண் எழுதிக் கேட்டால் இடமாற்றமோ, வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்போ பெற்றுத் தரலாம். இடமாற்றம் அவருக்குத்தான் என்றில்லை, எதிர்த்தரப்பையும் மாற்றலாம். நடைமுறையில் எப்போதும் பெண்தான் பெட்டி கட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

குழுவுக்குத் தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒருவர் வெளியாள், அதாவது தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வருபவர். எல்லோரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினால் யார் வாய் திறப்பார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த வெளியாளையும் முதலாளிதான் நியமிக்கிறார். சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

புகாரை எழுத்தில், 6 நகல்களோடு, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். எதிர்த்தரப்புக்கு 7 வேலை நாட்களில் நகல் போகும், அவர் 10 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அடுத்த 10 நாளில் அறிக்கை, அது கிடைத்து 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. இரு தரப்பும் வக்கீல் வைக்கக் கூடாது. காசுள்ளவர் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து மிரட்ட முடியாது. சமரசம் பெண்ணாகக் கேட்டால் மட்டும்தான், அதுவும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு, ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது.

சரி, முதலாளியே குற்றம் சாட்டப்பட்டால்? 10 பேருக்குக் குறைவான இடமென்றால்? அதற்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களும் அங்கே போகலாம்.

முதலாளி யார் என்றே சொல்ல முடியாத தொழில்களில்தான் சிக்கல். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் கேரள அரசு அமைத்த ஹேமா கமிட்டி, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்ததோ 2024 ஆகஸ்டில். 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு சொற்கள் அங்கே என்ன பொருளில் புழங்குகின்றன என்பதை அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அடுத்த படம் கிடைக்குமா என்பதே மிரட்டலாக இருக்கும்போது எந்தக் கமிட்டியிடம் போவது?

பதவி இருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழகத்தில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் கிளம்பினார். செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் போலீஸே அவர் காரை மறித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு 3 ஆண்டு சிறை விதித்தது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. காரை மறித்த எஸ்.பி.க்கு விழுந்தது 500 ரூபாய் அபராதம்.

குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் இரட்டிப்பு, உரிமம்கூட ரத்தாகலாம். குழுவிடம் போனதால் போலீஸுக்குப் போகக் கூடாது என்றில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் தனியாக வழக்குப் போடலாம். மத்திய அரசின் ஷி-பாக்ஸ் தளத்தில் தனியார் நிறுவன ஊழியர்களும் புகாரைப் பதியலாம்.

உங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் குழு உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும், இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அந்தத் தாளில் தலைவராக இருந்த அம்மா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளி உறுப்பினருக்கான இடத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.