பத்துப் பேர், ஒரு பிரென் கன்: பிரிட்டிஷ் காலாட்படை செக்‌ஷன் உருமாறிய விதம்

பிரிட்டிஷ் காலாட்படையில் கார்ப்பரல் என்ற கீழ்நிலைத் தலைவர் ஒருவரின் கீழ் இயங்கும் சிறு குழுவுக்குச் செக்‌ஷன் என்று பெயர். 1914இல் அதில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவில் பத்துப் பேர். 1980களிலிருந்து எட்டுப் பேர். மேலிடம் மனம்போனபடி ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தது என்று தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு முறையும் வேறொரு கணக்குதான் ஓடியது. செக்‌ஷனிடம் இருப்பதிலேயே அதிகம் சுடக்கூடிய ஆயுதம் எது, அது எவ்வளவு தோட்டா தின்னும், அவற்றைச் சுமக்க எத்தனை கை வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது வெட்டவெளியைக் கடக்க ஒரே வழி, கடப்பவர்கள் ஓடும் நேரத்தில் மற்றவர்கள் அவனைத் தலைதூக்க விடாமல் சுடுவது. அந்தத் தோட்டாக்கள் அவன்மேல் பட்டாக வேண்டும் என்றுகூட இல்லை. தலைக்கு அருகே சீறிக்கொண்டு போனால் போதும், குனிந்துகொள்வான். ஆனால் சூடு சில நொடி ஓய்ந்தாலும் நிமிர்ந்துவிடுவான். ஆகவே தேவை இடைவிடாத சூடு. அதை ஒரு நிமிடம் கொடுக்கிறோமா, பத்து நிமிடம் கொடுக்கிறோமா என்பதைத் தீர்மானிப்பது குழலின் வெப்பமும் முதுகில் இருக்கும் தோட்டாவின் எடையும்.

1914இல் செக்‌ஷனில் எல்லார் கையிலும் ஒரே ஆயுதம்: .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள். தோட்டா நிரப்பும் பெட்டியான மேகசினில் பத்துத் தோட்டா. ஐந்து தோட்டா கொண்ட கிளிப்பை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைப் பூட்டும் முனைகள் பின்பக்கம் இருப்பதால் அதை இழுக்கும் தூரம் குறைவு. கைப்பிடியும் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் பயிற்சி பெற்ற வீரன் 300 கெஜத்தில் நிமிடத்துக்குப் பதினைந்து தோட்டா குறிபார்த்துச் சுட்டான். ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட ஒரு பட்டாலியன் முழுவதற்கும் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டே இரண்டுதான். அன்றைய செக்‌ஷன் தனித்துச் சண்டையிடும் குழு அல்ல, நீண்ட சுடுவரிசையில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பதுங்குகுழிப் போர் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி மணிக்கணக்கில் சுடும். ஆனால் துப்பாக்கி மட்டும் சுமார் 15 கிலோ, முக்காலி 23 கிலோ, குழலைச் சுற்றிய உறையில் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர். முன்னேறும் ஆட்களோடு இதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 1915 முதல் வந்த லூயிஸ் கன் அந்த இடத்தை நிரப்பியது. எடை 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தண்ணீர் வேண்டாம். குழலைச் சுற்றி அலுமினியத் தகடுகள், அதற்கு மேல் ஓர் உறை. தோட்டா வெளியேறும் வேகத்தில் உறைக்குள் காற்று இழுக்கப்பட்டுத் தகடுகளைக் குளிர்விக்கும் என்பது ஏற்பாடு.

லூயிஸின் பலவீனம் அதன் தட்டு மேகசின். மேலே படுத்திருக்கும் வட்டத்தட்டில் 47 தோட்டா. அடிப்பக்கம் திறந்தே இருப்பதால் சேறும் மணலும் நேராகத் தோட்டாவில் போய் ஒட்டும். விசையை விடாமல் அழுத்தினால் ஒரு தட்டு ஐந்து நொடியில் காலி. அதனால் நாலைந்து தோட்டாவாகக் கொத்துக் கொத்தாகச் சுடுவார்கள். துப்பாக்கி ஒருவர் கையில் இருக்கும்; ஆனால் அதற்குத் தீனி போட மற்றவர்கள் எல்லாரும் தேவைப்பட்டார்கள். 1917 பிப்ரவரியில் வெளியான எஸ்எஸ் 143 என்ற பயிற்சிக் கையேடு லூயிஸ் செக்‌ஷனுக்கு ஒன்பது பேரையும் முப்பது தட்டுகளையும் ஒதுக்கியது. அதாவது 1,410 தோட்டா.

பல செக்‌ஷன்கள் சேர்ந்த பிளட்டூனையே தனியாகச் சண்டையிடக்கூடிய அலகாக மாற்றியது அந்தக் கையேடுதான். நாலு செக்‌ஷன், நாலு வேலை: ஒன்றுக்கு லூயிஸ், ஒன்றுக்கு மில்ஸ் கையெறி குண்டு, ஒன்றுக்கு ரைஃபிள் முனையிலிருந்து எறியப்படும் குண்டு, ஒன்றுக்கு ரைஃபிளும் பயோனெட்டும். லூயிஸ் அமுக்கி வைக்கும், ரைஃபிள் குண்டு மேடு தாண்டி விழும், மற்ற இரண்டும் பக்கவாட்டில் பாயும். தாளில் அழகான திட்டம். குறை என்னவென்றால், ஒரு செக்‌ஷன் அடிபட்டுப்போனால் பிளட்டூன் ஒரு முழுத் திறனையே இழந்தது. குண்டு எறிபவர்கள் எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுந்துவிட்டால் அந்த வேலைக்கு ஆளில்லை. 1918க்குள்ளேயே இந்தப் பிரிவினை தளர ஆரம்பித்தது.

இதற்கு முழு விடை வர இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் செய்த துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்த பிரிட்டன், 1935இல் உரிமம் வாங்கி 1937 முதல் என்ஃபீல்டில் தயாரித்தது. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் பிரென். இந்திய ராணுவம் இதற்கு முன்பே 1933இல் விக்கர்ஸ்-பெர்தியே என்ற வேறொரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தது. மேலே வளைந்த மேகசினோடு அது பார்க்க பிரெனைப் போலவே இருப்பதால் பழைய புகைப்படங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். பிரென் வந்தபின் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு பிரென், எல்லாச் செக்‌ஷனும் ஒரே அச்சு. 1917இல் பிளட்டூனுக்குள் பிரிந்திருந்த வேலைகள் இப்போது செக்‌ஷனுக்குள்ளேயே வந்துவிட்டன.

பிரெனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதல் மாடலின் எடை சுமார் 10 கிலோ. மேகசின் மேலே செங்குத்தாக நிற்கும். அது நடுவில் மறைப்பதால் குறிமுட்கள் இடப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவனும் வலது தோளில் வைத்துத்தான் சுட வேண்டும். பதிலுக்குக் கிடைத்த லாபம் பெரிது. தரையோடு தரையாகப் படுத்த நிலையில் பக்கத்தில் இருக்கும் இரண்டாமவர் கையை நீட்டிக் காலி மேகசினைப் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். சுடுபவர் கண்ணை இலக்கிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

மேகசினில் 30 தோட்டா போகும். ஆனால் 28தான் போடுவார்கள், சுருள்வில் தளராமல் இருக்க. எத்தனை போட்டாலும், போடும் முறையில் கவனம் வேண்டும். .303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலுள்ள தோட்டாவின் விளிம்பு, அதற்குக் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒன்று பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு துப்பாக்கி நின்றுவிடும். இருட்டில், குளிரில், விறைத்த விரல்களோடு மேகசின் நிரப்புகிறவர்கள் செய்யும் தவறு இது.

துப்பாக்கி நின்றால் என்ன செய்வது என்பதும் மனப்பாடம்: போல்ட்டை இழு, மேகசினை எடு, விசையை அழுத்து, புது மேகசினைப் போடு, மறுபடி இழு, சுடு. பாதிக்கு மேற்பட்ட கோளாறு இதிலேயே சரியாகிவிடும். சில தோட்டாவுக்குப் பிறகு மறுபடி நின்றால் காரணம் பெரும்பாலும் வாயு. குழலிலிருந்து வரும் வாயுவின் ஒரு பகுதிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது நுழையும் துளையில் கரி படிந்தால் தள்ளும் வலு குறைந்துவிடும். நாலு அளவுத் துளைகள் கொண்ட ஒரு திருகு இருக்கும். அதை அடுத்த பெரிய துளைக்குத் திருப்ப வேண்டும்.

சாதாரண வேகம் நிமிடத்துக்கு ஒரு மேகசின், வேகச் சூடு நிமிடத்துக்கு நாலு. வேகச் சூட்டில் பத்து மேகசின் போனதும் குழலை மாற்ற வேண்டும். தாழ்ப்பாளைத் தூக்கி, குழலோடு இணைந்த கைப்பிடியைப் பிடித்து உருவினால் போதும், விரல் சுடாது, சில நொடி வேலை. மாற்றாமல் தொடர்ந்தால் குழலின் உட்புறம் விரைவாகத் தேய்ந்து குறி சிதறும்.

இந்தக் கணக்குதான் பத்துப் பேரின் வேலையைப் பிரித்தது. பிரென் குழுவில் மூவர்: லான்ஸ் கார்ப்பரல், சுடுபவர், மாற்றுக் குழலோடு இரண்டாமவர். ரைஃபிள் குழுவில் கார்ப்பரலும் ஆறு வீரர்களும். அந்த ஆறு பேரின் இடுப்புப் பைகளும் பிரென் மேகசின் அளவுக்கே தைக்கப்பட்டவை. தங்கள் ரைஃபிள் தோட்டாவோடு பிரெனுக்கான மேகசினையும் சுமந்தார்கள். எல்லாம் சேர்ந்து இருபத்துச் சொச்சம் மேகசின். வேகச் சூட்டில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் தாங்காது. தாக்குதலை அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதைத்தான் பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொன்னார்கள். கார்ப்பரலுக்கு ஸ்டென் என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்ததும் பொருத்தமான முடிவு என்பேன். நூறு கெஜத்துக்கு மேல் பயன்படாத ஆயுதம் கையில் இருந்தால் தலைவன் தானும் குறிபார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டான். ஆட்களைப் பார்ப்பான், கட்டளை இடுவான்.

1941–42இல் லயனல் விக்ரம் போன்ற அதிகாரிகள் போர்ப்பயிற்சிப் பள்ளிகளில் இதை அணிவகுப்புப் பயிற்சி போலவே மாற்றினார்கள். வரிசை இது: சூடு வந்ததும் ஓடு, விழு, விழுந்த இடத்திலிருந்து ஊர்ந்து விலகு, கவனி, குறிமுள்ளைச் சரிசெய், சுடு. விழுந்த இடத்திலேயே தலையைத் தூக்குகிறவன்தான் செத்துப்போகிறான், ஏனென்றால் எதிரி அங்கேதான் குறிவைத்திருப்பான். பிறகு எதிரி எங்கே என்று கண்டுபிடிப்பது. நடைமுறையில் மிகக் கடினமான கட்டம் இதுதான். புகையில்லாத வெடிமருந்து காலத்தில் சுடும் இடம் கண்ணுக்குப் படாது. அடுத்து, பிரென் குழு பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பிடித்துச் சுட, ரைஃபிள் குழு ஏறத்தாழ செங்கோணத்தில் சுற்றிவந்து பாய வேண்டும். கோணம் குறுகினால் சொந்த ஆட்களே பிரெனின் பாதையில் குறுக்கே வருவார்கள், மிக முக்கியமான கடைசி ஐம்பது கெஜத்தில் சூட்டை நிறுத்த நேரிடும்.

போருக்குப் பின் 1951இல் பிரிட்டன் .280 தோட்டாவுக்காக ஈஎம்-2 என்ற ரைஃபிளை ஏற்று, அமெரிக்கா சம்மதிக்காததால் கைவிட்டது. 1954இல் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்தது. இருபது தோட்டா, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு சூடு. இந்த ரைஃபிளின் ஒரு வடிவத்தைத்தான் இஷாப்பூரில் இந்தியாவும் தயாரித்தது. 1960களில் பிரெனின் இடத்துக்கு ஜி.பி.எம்.ஜி. என்ற பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கி வந்தது. அது தோட்டாக்கள் கோத்த பெல்ட்டில் சுடும், எடை சுமார் 11 கிலோ. நிமிடத்துக்கு 750 தோட்டா வேகம். நூறு தோட்டா பெல்ட் ஏறத்தாழ மூன்று கிலோ. சூட்டின் அளவில் பிரெனை மிஞ்சிவிட்டது, ஆனால் தரையில் இழுபடும் பெல்ட் சேற்றை அள்ளிக்கொள்ளும். பழைய பிரெனை 7.62க்கு மாற்றி எல்4 என்ற பெயரில் வைத்திருந்தவர்கள் அதை விட மனமில்லாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1982இல் ஃபாக்லாந்து தீவில் 2ஆம் பாராசூட் பட்டாலியன் செக்‌ஷனுக்கு இரண்டு ஜி.பி.எம்.ஜி. எடுத்துப்போனது. எடையைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் ஒன்று நின்றாலும் மற்றொன்று பேசும்.

பிறகு 1985. 5.56 மி.மீ. தோட்டாவின் எடை 7.62 தோட்டாவின் எடையில் ஏறத்தாழ பாதி. அதே சுமைக்கு இரட்டிப்புத் தோட்டா. எஸ்ஏ80 வரிசையில் ஒரு ரைஃபிள், அதே உடம்பில் நீளக் குழலும் இருகால் தாங்கியும் பொருத்திய எல்.எஸ்.டபிள்யூ. என்ற இலகு ஆதரவுத் துப்பாக்கி. செக்‌ஷன் எட்டுப் பேராகச் சுருங்கி, நாலு பேர் கொண்ட சார்லி, டெல்டா என்ற இரு குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று ரைஃபிள், ஒரு எல்.எஸ்.டபிள்யூ. இப்போது இரண்டு குழுவும் மாறி மாறிச் சுடலாம், நகரலாம்.  

திட்டம் சரி, துப்பாக்கி சரியில்லை. எல்.எஸ்.டபிள்யூ.வுக்கு 30 தோட்டா மேகசின்தான், குழலை மாற்ற முடியாது. பிரெனும் லூயிஸும் கற்றுக்கொடுத்த பாடத்தையே மறந்த வடிவமைப்பு. தொடர்சூட்டில் முதல் தோட்டா ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் விழும் கோளாறும் இருந்தது. ஒற்றைச் சூட்டில் மட்டும் அது அபாரம். கடைசியில் குறிபார்த்துச் சுடும் ஆயுதமாகவே அதைப் பயன்படுத்தினார்கள்.

ரைஃபிளிலும் சிக்கல் குறைவில்லை. மேகசின் தாழ்ப்பாள் உடம்பில் உரசி அமுங்கினால் மேகசின் கீழே விழும். கொசுவிரட்டி மருந்து பட்டால் பிளாஸ்டிக் இளகும். போல்ட்டோடு சேர்ந்து நகரும் கைப்பிடியில் சுட்டபின் வெளிவரும் காலிக் கூடு பட்டு உள்ளேயே திரும்பும். 1991 வளைகுடாப் போரின் மணலில் இவை எல்லாம் அம்பலமாயின. 2000க்குப் பின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் சுமார் 200,000 துப்பாக்கிகளைத் திருத்தியது. போல்ட், காலிக் கூட்டைப் பிடுங்கும் பாகம், அதை வெளியே தள்ளும் பாகம், சுத்தியல், மேகசின் எல்லாம் புதிது. கைப்பிடியைக் காற்புள்ளி வடிவில் வளைத்தார்கள். காலிக் கூடு அதில் பட்டு வெளிப்பக்கம் தெறிக்கும். அதன்பின் ஏ2 என்ற இந்தத் திருத்திய வடிவம் நம்பகமான ரைஃபிள் ஆனது, ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

தொடர்சூட்டுக்குப் பெல்ட்டில் சுடும் மினிமி என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி வந்தது, ரைஃபிளின் அடியில் 40 மி.மீ. குண்டுவீசி வந்தது, 2010இல் எல்129 என்ற 7.62 குறிப்பார்வை ரைஃபிள் வந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்தில் 5.56க்கு எட்டாத தூரத்திலிருந்து எதிரி சுட்டபோது, 11 கிலோ ஜி.பி.எம்.ஜி.யை மறுபடி செக்‌ஷனோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். குட்டைக் குழல் மினிமியின் தோட்டா தூரத்தில் சிதறியது பெரிய குறை. 2018இல் அதை விலக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. குழல் மாற்றக்கூடிய, பெல்ட்டில் சுடும் அந்தப் பழைய ஜி.பி.எம்.ஜி. இன்னும் சேவையில் இருக்கிறது.