கார் போய்விடும், ஆர்.சி. போகாது: 15 வருடம் முடிந்த காரை என்ன செய்வது?

போன மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். துணிப்பைக்குள் ஒரு சலான் பிரிண்ட் அவுட். தன் பழைய காரை ஒன்றரை வருடத்துக்கு முன்பே காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். "என் கண்ணு முன்னாலதான் சார் கதவைக் கழட்டினாங்க" என்கிறார். ஆனால் அதே நம்பரில் ஒரு கார் இரண்டு மாவட்டம் தள்ளி சிக்னலைத் தாண்டியதாக அவர் போனுக்கு அபராதம் வந்திருக்கிறது. உள்ளே போய்க் கேட்டால், "வண்டி உங்க பேர்லதானே இருக்கு, கட்டிடுங்க" என்று பதில். கார் இல்லை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பழைய காரை மாற்ற நினைக்கும் பலரும் புதுக் காரின் மைலேஜையும் கலரையும் பற்றித்தான் பேசுகிறார்கள். சிக்கல் வருவது பழைய காரின் பேப்பரில்.

திட்டத்தின் பின்னணி மூன்று வரிதான். பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியது. அரசிடம் பதிவுபெற்ற கழிப்பு மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் 'ஒப்படைப்புச் சான்று' கிடைக்கும். அதைக் காட்டி வாங்கும் புதுக் காருக்குச் சலுகை உண்டு. கூடவே, பழைய வண்டியை வைத்திருப்பதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

15 வருடம் ஆனால் உடைத்தே ஆகணுமா?

இல்லை. டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றி வந்த கோர்ட் உத்தரவுகளை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இங்கே பயப்படுகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்க முடியாது என்ற விதி அரசு வண்டிகளுக்கு மட்டும். உங்கள் ஓன் போர்டு கார் ஓடும் நிலையில் இருந்தால் ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். "சட்டப்படி இதை இனி ஓட்டவே முடியாது சார், வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று சொல்லும் புரோக்கர், அதே காரை நாளைக்கே புதுப்பித்து ஒரு நல்ல விலைக்கு விற்பார்.

புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 வருடம் ஆர்.சி. வழங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, கார் தயாரான வருடத்திலிருந்து அல்ல. மனக்கணக்கை விட்டுவிட்டு ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் தேதியைப் பாருங்கள். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 முதல் காருக்கு 5,000. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி. பசுமை வரியும் சேரும். கட்டணங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கவுன்டரில் கேட்டால் ஏஜென்டைக் கைகாட்டுவார்கள்.

அலைச்சல் தொடங்குவது ஆன்லைனில் 'சமர்ப்பி' அழுத்திய பிறகு. கட்டாத சலான் ஒன்று இருந்தாலும் விண்ணப்பம் நகராமல் நிற்கலாம். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் அன்றைய தேதியில் உயிரோடு இருக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய முள், எப்போதோ அடைத்து முடித்த கார் லோன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடைசித் தவணை கட்டியிருப்பீர்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது கார் மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, இன்னும் நிற்கும். கடன் முடிந்தது என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும், அந்தக் குறிப்பை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் பீரோவில் எங்கேயோ இருக்கும், அல்லது இருக்காது. இருந்தாலும் "இது பழசு, புதுசா வாங்கிட்டு வாங்க" என்பார்கள். கடன் கொடுத்த நிறுவனம் இதற்குள் இன்னொன்றோடு இணைந்திருக்கும். அங்கே உங்கள் கணக்கைத் தேடவே ஒரு மாதம் ஆகும். காரை மாற்றும் எண்ணம் வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஷோரூம் பக்கம் அப்புறம் போங்கள். ஹெச்.பி. இருக்கும் காரைப் புதுப்பிப்பது, விற்பது, உடைப்பது மூன்றுமே இழுபறிதான்.

புதுப்பிப்பதற்காக பிரேக் இன்ஸ்பெக்டர் காரைப் பார்க்கும் நாளில் பெயின்டுக்கும் லைட்டுக்கும் எல்லோரும் செலவு செய்கிறார்கள். சேசிஸ் நம்பரை யாரும் பார்ப்பதில்லை. அந்த நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுப்பார்கள். ஒருவர் காரில் தேய்த்தபோது தாளில் ஏழெட்டு எழுத்து தெளிவாக விழுந்தது, நடுவில் மூன்று இடம் வெறும் சொரசொரப்பு. துரு தின்றுவிட்டது. ஒரு மாதம் அலைந்தார். முன்கூட்டியே நம்பர் இருக்கும் இடத்தை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி, மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, நீங்களே ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்க்கவே கூடாது. நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் கதை வேறு.

வைத்துக்கொள்வதா, விடுவதா?

என் கருத்து: இன்ஜின் நன்றாக இருந்து, அடிப்பகுதியில் துரு இல்லாமல், மாதம் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறதென்றால் புதுப்பிப்பதே லாபம். ஐந்து வருடத்துக்கான கட்டணம் புதுக் காரின் ஒரு மாதத் தவணையைத் தாண்டாது. ஆனால் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிற குடும்பம் என்றால் வேறு கணக்கு. ஓட்டுநருக்கான ஏர்பேக் இங்கே கட்டாயமானதே 2019-ல்தான். 15 வருடக் காரின் அடிப்படை மாடலில் அது அநேகமாக இருக்காது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயும் சீலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அந்தச் செலவையும் எழுதிப் பாருங்கள். சேசிஸில் துரு ஓட்டை விழுந்துவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

உடைக்கக் கொடுப்பதென்றால்

பதிவுபெற்ற மையத்தில் மட்டும். "நாங்களும் கவர்மென்ட் அப்ரூவ்டுதான்" என்று போர்டு வைத்திருப்பவர்கள் பலர். பெயர் பரிவாகன் தளப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காயலான் கடைக்காரர் ஐந்தாயிரம் அதிகம் தருவார், உண்மைதான். உங்கள் ஆர்.சி.யும் நம்பரும் அந்த ஐந்தாயிரத்துக்குள் அடக்கம்.

விலையில் ஏமாற்றம் வரும். புதுக் கார் விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்று திட்ட அறிவிப்பில் சொன்னார்கள். நேரில் போனால் இரும்பு எடைதான் பேசும். பேட்டரி, புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கழற்றப்பட்டிருந்தால் அதற்கும் குறைப்பார்கள், எனவே 'நல்ல பார்ட்டை எல்லாம் தனியா வித்துக்கலாம்' என்ற யோசனைக்கு முன் மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வரிச் சலுகை "25 சதவீதம்" என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. விதியில் இருப்பது '25 சதவீதம் வரை'. அந்த 'வரை'யில்தான் ஆள் விழுகிறான். சாலை வரி மாநிலத்தின் கையில். உங்கள் மாநிலம் எவ்வளவு தருகிறது, எந்த அரசாணைப்படி தருகிறது என்று தெரியாமல் அந்தத் தொகையைக் கழித்து பட்ஜெட் போடாதீர்கள். புதுக் காரின் பதிவுக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு, அது சில நூறு ரூபாய்தான் என்றாலும் பில்லில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கார் நிறுவனத் தள்ளுபடி இன்னொரு பொறி. 2024 ஆகஸ்டில் பல நிறுவனங்கள் கார் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத் தருவதாக ஒப்புக்கொண்டன. அதுவும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, கடந்த ஆறு மாதத்துக்குள் உடைத்த காருக்கு. எக்ஸ்சேஞ்ச் போனஸும் இதுவும் சேர்ந்து வராது. 'எல்லாம் சேர்த்துப் பண்ணிடலாம் சார்' என்று சொல்லும் சேல்ஸ் தம்பியிடம் எந்தத் தள்ளுபடி இன்று நடப்பில் இருக்கிறது, எவ்வளவு என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

ஒப்படைப்புச் சான்று ஆர்.சி.யில் இருக்கும் பெயரில்தான் வரும். அப்பா பெயரில் பழைய கார், மகன் பெயரில் புதுக் கார் என்பது நம் வீடுகளில் சாதாரணம். சான்றை மின்னணு முறையில் மாற்றிக்கொடுக்க விதியிலேயே வழி இருக்கிறது. ஷோரூமில் பலருக்கு அது தெரியாது, தெரியாததை 'முடியாது' என்று சொல்லிவிடுவார்கள். அப்பா காலமாகிவிட்டார் என்றால் முதலில் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, பெயர் மாற்றம். இறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது விதி. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள்ளேயே அந்த மூன்று மாதம் போய்விடலாம். விண்ணப்பித்த ரசீதையாவது பத்திரமாக வையுங்கள்.

மையத்திலிருந்து வெளியே வரும்போது ஒப்படைப்புச் சான்று கையில் இருக்க வேண்டும். உடைத்து முடித்த சான்று பிறகு வரும், துரத்தி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து பரிவாகனில் உங்கள் நம்பரைப் போட்டுப் பதிவு ரத்தானதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

விற்பதென்றால்

டி.ஓ. பேப்பர் எனப்படும் பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரை வெற்றிடமாக விட்டுக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். படிவம் 29, 30. அந்த வெற்றிடத்தோடு கார் எத்தனை கை மாறினாலும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு பதிவில் பெயர் இருப்பவரே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில் கோவையில் வெடித்த மாருதி 800 பல கை மாறிய கார். போலீஸ் அந்தக் கைகளை எல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்தது.

எக்ஸ்சேஞ்சில் விட்டாலும் இதே கதைதான். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யை ஆன்லைனில் பதிய வேண்டும். பதிந்தால் அதன்பின் பொறுப்பு டீலருக்கு. இதைப் பற்றிக் கேட்டால் முதலில் முழிப்பார்கள். பிறகு "அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். சாவி உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

இன்சூரன்ஸில் கிளெய்ம் எதுவும் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழியும். பழைய காரை விட்டதும் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புதுக் காருக்குப் பயன்படும். யாரும் தானாக நினைவூட்ட மாட்டார்கள்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. அவருக்கு அந்த 14 நாள் எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதினோம். அந்த நம்பரில் வேறு கார் ஓடுகிறது என்று போலீசுக்கும் ஒரு புகார். கடைக்காரர் பணம் அனுப்பிய பேங்க் பதிவை இரண்டிலும் இணைத்தோம். நல்லவேளை, அவர் ரொக்கமாக வாங்கவில்லை. மனுவைப் படித்துப் பார்த்த கிளார்க் கேட்டது: "வண்டியை ஒரு தடவை கொண்டு வந்து காட்டுங்களேன், இன்ஸ்பெக்டர் பார்த்தாத்தானே கேன்சல் பண்ண முடியும்?" அடுத்த நாள் அதே மனுவை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். அட்டை இன்னும் திரும்பி வரவில்லை.