"ஃப்ரீ ஐட்டம்தான்" என்பவரிடம் அதை எழுதி வாங்குங்கள்

வால்வு, பம்ப், ரசாயனம், கார்பன் ஃபைபர் என்று சாதாரணச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களுக்கு, ஏற்றுமதி உரிமம் பற்றிய குறிப்பு இது. பீரங்கி விற்பவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

பின்னணி சுருக்கமாக: பேரழிவு ஆயுதங்களுக்கு உதவக்கூடிய சரக்கின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2004-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1540-ஆம் தீர்மானம் எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. மற்றதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம்.

பலரும் மாட்டுவது எச்.எஸ். கோடில். அது சுங்க வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண். எந்தப் பொருளுக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாட்டுப் பட்டியல் தனி. ஒரே கோடில் வரும் இரண்டு வால்வுகளில் ஒன்றுக்கு மட்டும் உரிமம் தேவைப்படலாம். உள்ளே ரசாயனம் படும் பகுதி எதனால் ஆனது என்று பார்ப்பார்கள். சுங்க ஏஜென்ட் கோடைப் பார்த்துவிட்டு "ஃப்ரீ ஐட்டம்தான்", அதாவது உரிமம் தேவையில்லை, என்பார். விசாரணை வந்தால் கையெழுத்து உங்களுடையது. தயாரிப்பாளரிடம் கட்டுப்பாட்டுப் பட்டியல் எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

பட்டியலில் இல்லை என்றாலும் முழுதாகத் தப்பிவிட முடியாது. ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், பல நாடுகளில் எந்தச் சரக்குக்கும் உரிமம் வேண்டும். "எனக்குத் தெரியாதே" என்பது எப்போதும் எடுபடாது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் சில கருவிகளில் ஒருவகை ஸ்பார்க் கேப், அதாவது அதிவேக மின் சுவிட்ச், இருக்கும்; அணுகுண்டை வெடிக்க வைக்கவும் அது உதவும். மருத்துவமனைக்கு என்று சொல்லி நூற்றுக்கணக்கில் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். நிறுவிக்கொடுக்க வேண்டாம் என்பவர், முகவரியாகச் சரக்கு ஏஜென்ட்டின் கிடங்கைத் தருபவர், இவர்களிடமும் அப்படித்தான்.

அப்புறம் அலைச்சல். சுங்கத்தில் கேட்டால் உரிம அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். அங்கே, "விண்ணப்பம் போடுங்கள், தேவையா என்று பிறகு பார்க்கலாம்." போட்டால் இறுதிப் பயனர் சான்றிதழில் (பொருளை யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்ற உறுதிமொழி) குறை என்று திரும்பி வரும். அந்தக் குறையையாவது ஒரே தடவையில் சொல்லித் தொலைக்கலாம். இடைத்தரகர் தரும் சான்றிதழ் போதாது. பொருளைப் பயன்படுத்தப்போகிறவரின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். மாடல், அளவு, முகவரி மூன்றும் ஆர்டரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.

இலவச மாதிரியும் ஏற்றுமதிதான். பட்டியலில் உள்ள பொருளின் தயாரிப்பு வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் பொதுவாக அப்படித்தான். வாங்குபவர் அவசரப்படுத்துவார். விண்ணப்பித்த ரசீது அனுமதி ஆகாது. உரிமம் கைக்கு வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள்.